துண்டு போட்டு மூடிய நேரம்

துண்டை இப்போது எடுக்கலாமா, கொஞ்சம் கழித்து எடுக்கலாமா. எடுத்தால் அந்தக் கண் திறந்துவிடும். அலமாரியின் மேல்தட்டில், கோழிமுட்டைக்குக் கண் வைத்தது போல உட்கார்ந்திருக்கிறது கேமரா. போன வாரம்தான் நான் பார்த்துக்கொள்ளும் அம்மாவின் மகள் ஹேமா மேடம் வாங்கி வைத்தார். "அம்மா பாதுகாப்புக்குத்தான் ஈஸ்வரி, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். தப்பாக எடுத்துக்காதே என்று ஒருவர் சொன்னால், எடுத்துக்கொள்ள அதில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம். உடம்பு துடைக்கும்போது மட்டும் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள் என்றும் அவரேதான் சொன்னார். அப்படித்தான் மூடினேன். அம்மாவுக்கு இரண்டு நாளாகச் சளி. தலைக்கு ஊற்ற வேண்டாம், துடைத்துவிட்டால் போதும் என்று வெந்நீர் பக்கெட்டைக் கட்டிலோரம் வைத்து, துண்டை எறிந்து கேமராவை மூடி, நைட்டியைத் தலைவழியாகக் கழற்றினேன். இடது கை வெளியே வந்தது. முழங்கைக்கு மேலே, சதை தளர்ந்து தொங்கும் இடத்தில், நாவல்பழச் சாறு ஊறினாற்போல் நீலம். வெளிப்பக்கம் வரிசையாக நாலு. உள்பக்கம் தனியாக ஒன்று, அது பெரியது. நேற்று இது இல்லை. நேற்று இதே கையைத் துடைத்தேன், பவுடர் போட்டேன், பழைய அம்மை குத்தின தழும்பைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. நேற்று இல்லாதது இன்று இருக்கிறது. அதை நான் பார்க்கும்போது பார்க்க வேண்டிய கண்ணுக்கு மேலே நான் போட்ட துண்டு.

கேமராப் பதிவைப் போனில் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு என்ன தெரியும். முழுக்கை நைட்டியோடு ஒரு வயசானவர் உட்கார்ந்திருக்கிறார். நான் வருகிறேன், கண்ணை மூடுகிறேன். ஒரே இருட்டு. துண்டு விலகுகிறது, அவர் கையில் காயம். ஏட்டி இசக்கி, பச்சைப்பிள்ளைகூடச் சொல்லிவிடும் யார் செய்தது என்று. இசக்கி என்பதுதான் என் பேர், எங்கள் ஊர் உக்கிர அம்மன் பேர். அந்தப் பேரைச் சொன்னால் சென்னையில் பயப்படுவார்கள் என்று வேலைக்கு அனுப்புகிற ஏஜென்சியில் ஈஸ்வரி என்று மாற்றிவிட்டார்கள். பேரையே நம்பாதவர்கள் ஆளை எப்படி நம்புவார்கள். சரி, முழுக்கை நைட்டி எப்படி வந்தது. நங்கநல்லூரில் இந்த வெயிலில், மின்விசிறி சுற்றச் சுற்றப் புழுங்குகிற இந்த இரண்டாம் மாடியில், முழுக்கை யார் மாட்டிவிட்டது. நேற்று சாயந்தரம் நான் கிளம்பும்போது பூப்போட்ட அரைக்கை. காலையில் வந்து பார்த்தால் இது. "குளிருதுன்னாங்க, அதான் மாத்தினேன்" என்றார் மேடம், நான் கேட்காமலே. கேட்காமலே வருகிற காரணத்தை நான் நம்புவதில்லை. தினமும் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர், இன்று மட்டும் ஆபீசுக்குப் போகணும் என்று காபியைக்கூடக் குடிக்காமல் செருப்பை மாட்டினார். அம்மா போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. வாசலைப் பார்த்தபடி என்னிடம், "இன்னைக்குத் துடைச்சு விட்டுடுங்க, மறந்துடாதீங்க" என்றார். நான் என்றைக்கு மறந்தேன். அதை ஏன் சொன்னார். நான் பார்க்க வேண்டும் என்றா, நான் துண்டு போட வேண்டும் என்றா.

"லைன்ல இருங்க" என்றார் சுலோசனா அம்மா. ஈரத்துணி முதுகில் பட்டதும் அப்படித்தான் சொல்வார். முப்பது வருஷத்துக்கும் மேல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் மாட்டி, வாய்க்கு முன்னால் ஒரு குழாயோடு, ஊர்ப்பட்ட ஆட்களின் பேச்சை இணைத்து இணைத்து விட்டவர். இப்போது மகள் பேர் மறந்துவிட்டது, சாப்பிட்டது மறந்துவிடுகிறது, லைன் இணைக்கிற அந்தப் போர்டு மட்டும் மறக்கவில்லை. நான் காயத்தைச் சுற்றித் துடைத்தேன். அதன் மேல் பட்டதும் கை சுருங்கியது. "வலிக்காம்மா? யாரு பிடிச்சா?" என்று மெதுவாகக் கேட்டேன். மெதுவாக ஏன் கேட்டேன், துண்டு கண்ணைத்தானே மூடும், காதை மூடுமா, அதற்குக் காது உண்டா என்று நான் யாரிடம் கேட்பது. அம்மா என்னைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு" என்றார். எந்தப் பொண்ணு. அவருக்கு மகளும் அந்தப் பொண்ணுதான், பாத்திரம் தேய்க்க வருகிற குமுதாவும் அந்தப் பொண்ணுதான், நானும் அந்தப் பொண்ணுதான். "எந்தப் பொண்ணும்மா?" "எங்கேஜ்டா இருக்கு, அப்புறம் பேசுங்க."

அந்த இடத்தை எனக்குத் தெரியும். ரவிக்கைக் கை முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே. பிடிக்கத் தெரிந்தவர்கள் அங்கேதான் பிடிப்பார்கள், வெளியே தெரியாது. என் வீட்டுக்காரர் பிடிப்பார். மறுநாள் நாலும் ஒன்றும் இதே வரிசையில் எழும்பும், முதலில் சிவப்பு, பிறகு நீலம், பிறகு ஒரு மஞ்சள், பித்தம் போல. அவர் செத்து வருஷங்கள் ஆகிவிட்டன, பஸ்ஸில் யாராவது பின்னாலிருந்து அந்த இடத்தில் தொட்டால் இன்னும் உடம்பு தானாக ஒடுங்குகிறது. ஆகவே இது விழுந்து பட்ட காயம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். கட்டில் கம்பிக்கு விரல் கிடையாது. என் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். அழுத்தவில்லை, காற்றளவு மேலே. பொருந்தியது. யார் கையை வைத்தாலும் பொருந்தும், மனுஷக் கை எல்லாம் ஒரே மாதிரிதான் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் பொருந்தியது என் கை. நேற்று குளியலறை வாசலில் அம்மா கால் இடறினாரே, நான் பிடித்தேனே, எங்கே பிடித்தேன். அக்குளுக்குக் கீழே கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும், அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள், அப்படித்தான் தூக்கியிருப்பேன். இருப்பேன். பிடித்தேன் என்று ஏன் வரவில்லை, ஏன் இருப்பேன் என்று வருகிறது. கண்ணை மூடி நினைத்துப் பார்த்தால், ஈரத் தரை தெரிகிறது, அம்மாவின் வெள்ளைக் கால்விரல் தெரிகிறது, என் கை தெரியவில்லை. ஒரு தடவை அக்குளில் இருக்கிறது. அடுத்த தடவை நினைத்தால் அந்த நீலம் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது.

பார்த்ததும் சொல்லிவிட வேண்டும். ஏஜென்சியில் எங்களை அனுப்புகிற பிரேமா அக்கா அதைத்தான் படித்துப் படித்துச் சொல்வார். "புது வீட்டுக்குப் போனா முதல்ல பேஷண்ட் உடம்பைப் பாரு. இருக்கிறதை இருக்குன்னு அப்பவே சொல்லு. சொல்லாத ஒவ்வொரு நிமிஷமும் அது உன் காயமா மாறிக்கிட்டே இருக்கும்." ஆதம்பாக்கம் வீட்டில் எனக்கு அது நடந்தது. நான் போவதற்கு முன்பே அந்தத் தாத்தாவுக்கு இடுப்பில் படுக்கைப்புண். போன அன்றைக்கே சொல்லியிருந்தால் முடிந்திருக்கும், முதல் நாளே குறை சொல்ல வேண்டாமே என்று மருந்து போட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். ஒரு நாள் மகன் போட்டோ எடுத்தார். அவ வந்தப்புறம்தான் என்றார். அவர் மனைவி, என்னோடு உட்கார்ந்து டீ குடித்தவர், ஆமாம் என்று தலையாட்டினார். அதனால் சொல்லிவிட வேண்டும். போனை எடுத்தேன். யாருக்கு. மேடத்துக்குச் சொன்னால், அவர் செய்திருந்தால்? செய்தவரிடமே போய், காயம் இருக்கிறது என்று சொன்னால், ஆமாம், உங்ககிட்டதானே விட்டுட்டுப் போனேன் என்பார். பிரேமா அக்காவுக்குச் சொன்னால், மேடம் செய்யவில்லை என்றால்? ஒரு நல்ல மனுஷி மேல் நான் அபாண்டம் போட்டவள் ஆவேன். மேடம் நல்லவர்தான். எனக்கென்று தனித் தட்டு வைக்காதவர். ராத்திரி முழுக்கத் தாயோடு ஒற்றையாக இருப்பவர், கூடப்பிறந்தவர் இல்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. நல்லவர்கள் கை பொருந்தாதா. என் வீட்டுக்காரரையும் தெருவில் நல்லவர் என்றுதான் சொன்னார்கள்.

கதவு தட்டும் சத்தம். குமுதா, பாத்திரம் தேய்க்க. அந்த நேரத்தில் நான் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கே என் மேல் சந்தேகம் வருகிறது. அம்மாவுக்கு வேறு நைட்டி எடுத்து வைத்திருந்தேன், அரைக்கை. அதை விட்டுவிட்டு, கழற்றிப் போட்ட முழுக்கையையே திரும்ப மாட்டிவிட்டு, துண்டையும் இழுத்தெடுத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். குமுதா உள்ளே எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, இந்தப் புழுக்கத்துல பாட்டிக்கு ஸ்வெட்டர் மாதிரி போட்டு வெச்சிருக்கே?" "சளிடி." "ஓஹோ" என்றாள். ஓஹோவில் ஒன்றும் இல்லை, எல்லாரும் சொல்கிற ஓஹோதான். ஆனால் சிரித்தாள். தேய்க்கும்போது பாட்டை நிறுத்தி நிறுத்தி எதையோ கேட்டாள், என் காலடிச் சத்தத்தையா. கீழ் வீட்டிலும் இவள்தான் வேலை செய்கிறாள். "நேத்து ராத்திரி மேல ஏதோ கதவு டமால்னுச்சாமே" என்றாள், போகிற போக்கில். அப்படியா என்றேன். அவள் போன பிறகுதான் உறைத்தது, முழுக்கையை மாட்டிவிட்டது யார் என்று இனி கேட்டால், நான். துண்டை எடுத்ததும் அந்த முழுக்கையைத்தான் கேமரா பார்த்திருக்கிறது. மறைத்ததும் நான்தான்.

பிறகு மேடத்தின் போன். அது அடித்த விதமே ஒரு மாதிரி இருந்தது, போனுக்கு எல்லா நேரமும் ஒரே அடிதான், எனக்குத்தான் ஒரு மாதிரி. "அம்மா சாப்ட்டாங்களா?" "ரசம் சாதம் ஊட்டினேன் மேடம்." "துடைச்சாச்சா?" "ஆச்சு." பின்னால் ரயில் வருகிற அறிவிப்பு கேட்டது. ஆபீசில் எப்படி ரயில். "வேற ஒண்ணும் இல்லையே ஈஸ்வரி?" இப்போது சொல்லிவிடு இசக்கி, இப்போது விட்டால் இல்லை. வாய் திறந்தது. "ஒண்ணும் இல்ல மேடம்" என்றது. "சரி" என்று வைத்துவிட்டார். அந்தச் சரியில் மூச்சு விட்டது போல ஒன்று இருந்தது. நான் கேமராவைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. பொய் சொல்லும்போது என் முகம் எப்படி இருந்திருக்கும்.

மத்தியானம் நகரவே இல்லை. விமானம் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேலே இறங்கியது, ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, அம்மா ஒவ்வொன்றுக்கும் கண்ணைத் திறந்து மூடினார். அவர் காலருகே உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டேன். கேமரா வந்த நாள் முதல் நான் அம்மாவிடம் கொஞ்சிப் பேசுகிறேன், என் குரலை நானே கேட்கிறேன், நாடகக்காரி போல இருக்கிறது. அதற்கு முன்பும் கால் பிடித்துவிட்டேன், அதற்கு முன்பும் பேசினேன், அது யாருக்கும் காட்டுவதற்காக இல்லை. இப்போது பிடிப்பது அம்மாவுக்காகவா, அதற்காகவா, எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. கோபம் வந்தது. யார் மேல். அம்மா திடீரென்று, தெளிவாக, பழைய ஆபரேட்டர் குரலில், "நீதானே பிடிச்சே" என்றார். என் கை அவர் பாதத்தில் அப்படியே நின்றுவிட்டது. "எதைம்மா?" "நீதான். விடு விடுன்னு சொன்னேன். விடலை நீ." கண் என்னையே பார்த்தது. ஆனால் பார்வை என் முகத்தைத் தாண்டிப் பின்னால் யாரிடமோ பேசுவது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கதவு. வாசல் கதவின் மேல்பக்கம் புதிதாக ஒரு தாழ்ப்பாள், கைக்கு எட்டாத உயரத்தில். நேற்று அது இருந்ததா. அம்மா அழுதார். சத்தமில்லாமல், வாய் கோணாமல், தண்ணீர் மட்டும் இறங்கியது. நான் அதைத் துடைத்தேன். அந்த நேரத்தில் கேமரா ஞாபகம் வரவில்லை. துடைத்து முடித்த பிறகுதான் வந்தது.

அப்புறம் நான் யோசிக்கவில்லை. யோசித்தால் திரும்பத் திரும்ப அந்தக் குளியலறை வாசலுக்கே போய் நிற்கிறேன், ஒவ்வொரு தடவையும் என் கை இடம் மாறுகிறது. அது என் கையாகவே இருந்துவிட்டுப் போகட்டும், காயம் அம்மாவுடையது. எழுந்து போய் அரைக்கை நைட்டியை எடுத்துவந்தேன். கட்டிலைச் சுற்றிச் சேலையால் மறைத்துக்கொண்டு மாற்றிவிட்டேன். பிறகு சேலையை விலக்கி, அம்மாவை இடது கை அலமாரிப் பக்கம் இருக்கும்படி தலையணைகளில் சாய்த்து உட்கார வைத்தேன். பார்க்கட்டும். யார் பார்க்கிறார்களோ பார்க்கட்டும். குளிர்ந்த தண்ணீரில் துணி நனைத்துக் காயத்தை ஒற்றி ஒற்றி எடுத்தேன். வேர்வையில் என் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் வாசல் பூட்டில் சாவி திரும்பியது. வருகிற நேரம் இல்லை இது. ஹேமா மேடம் செருப்போடு உள்ளே வந்தார். வெளியே போய் வந்தால் எல்லாரும் முதலில் அம்மா முகத்தைப் பார்ப்பார்கள். அவர் கையைப் பார்த்தார்.

"மேடம், அம்மா கையில காயம் இருக்கு. காலையிலயே பாத்துட்டேன். நீங்க போன்ல கேட்டப்ப இல்லன்னு சொன்னது பொய்தான், பயத்துல சொல்லிட்டேன். ஆனா நான் வேணும்னு அம்மாவைத் தொட்டதில்ல. எங்க வேணாலும் வந்து சொல்லுவேன்."

"தெரியும் ஈஸ்வரி" என்றார். நாற்காலியைப் பிடித்தபடி நின்றார். "நான்தான்."

எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தேன்.

"ராத்திரி கதவைத் திறந்துட்டு வெளிய போயிட்டாங்க, மேல் தாழ்ப்பாள் அதுக்கப்புறம் நான் அடிச்சது. டூட்டிக்கு லேட்டாயிடுச்சாம். படிக்கட்டுல ஒரு கால் வெச்சுட்டாங்க. ஓடிப்போய்ப் பிடிச்சு இழுத்தேன். அது சரிதான், இல்லையா? உள்ள கொண்டுவந்து வாசக்கதவையும் சாத்திட்டேன், கேமரா அங்க எட்டாது. அதுக்கப்புறமும் என் கை விடல. விடு வலிக்குதுன்னாங்க. எனக்குக் கேட்டுது. நல்லாக் கேட்டுது. விடல."

நான் கேமராவைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"உங்களுக்காக வெச்சேன்னுதானே நெனச்சீங்க. போன வாரம் அம்மா மேல கை ஓங்கிட்டேன். அடிக்கல. மறுநாளே போய் இதை வாங்கிட்டு வந்தேன், யாரோ பாக்கறாங்கன்னு இருந்தா எனக்கு ஒரு பயம் இருக்கும்னு. ஆனா பாக்கற ஆளும் நான்தானே." மூக்கை உறிஞ்சினார். "இன்னைக்கு ஆபீசுக்கும் போகல. மெட்ரோ ஸ்டேஷன்ல உக்காந்து போனையே பாத்துட்டிருந்தேன். உங்க கண்ணுல படும், நீங்க கத்துவீங்கன்னு நெனச்சேன். நீங்க கத்தல. ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க. தப்பிச்சேன்னு இருந்துது. பழி உங்க மேல போயிடும்னுகூடத் தோணிச்சு, ஈஸ்வரி. அது தோணினதும் எழுந்து வந்துட்டேன்."

அழுதார். அழுகை எனக்குப் பழக்கம். என் வீட்டுக்காரரும் விடிந்ததும் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுவார், அதை நம்பி நம்பித்தான் பாதி ஆயுசு போனது. இதுவும் அந்த அழுகையா, வேறு அழுகையா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நடிக்கவும் மாட்டேன். "மேடம், இதை நான் ஏஜென்சில சொல்லத்தான் செய்வேன்" என்றேன். நிறுத்தச் சொல்வார் என்று பார்த்தேன், என் பிழைப்பைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார். போட்டேன். பிரேமா அக்காவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன், மேடம் நடுவில் ஒரு இடத்தில் "ஆமாங்க, நான்தான்" என்றார். பிறகு அக்கா, "நீ இப்பவே கிளம்பி வந்துடு. அந்த வீட்ல ஒரு நிமிஷம் இருக்காதே" என்றார்.

"நான் வந்துட்டா அம்மாவை யாரு பாக்கிறது அக்கா?"

"அது நம்ம பிரச்சினை இல்ல."

"நாளைக்குக் காலைல ஒரு டாக்டரைக் கூட்டிட்டு நீங்க வாங்க. ராத்திரிக்கு ஒரு ஆள் ஏற்பாடு பண்ணுங்க. அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்." வைத்துவிட்டேன். அக்காவிடம் இப்படி நான் பேசியதே இல்லை.

மேடம் தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னேன், கழற்றினார். சாப்பிட்டீங்களா என்றேன், தலையை ஆட்டினார், ஆமாமா இல்லையா என்று தெரியவில்லை. ஒரு தலையணை கொடுத்தேன். எத்தனை ராத்திரி தூங்காத ஆளோ, தலை பட்டதும் வாய் திறந்தபடி தூங்கிப் போனார். வெளிச்சம் இன்னும் ஜன்னலில் இருந்தது. அம்மா கட்டிலிலிருந்து எட்டி, கீழே கிடக்கிறவரையே பார்த்தார். "அது யாரு?" "உங்க பொண்ணும்மா." கொஞ்ச நேரம் பார்த்தார். "ரொம்பக் களைச்சுட்டா போல" என்றார். "போர்வை போடு." போட்டேன். போடும்போது மேடத்தின் வலது கை தெரிந்தது, மெலிந்த கை, நகம் கடித்த விரல்கள், விரல்கள் பாதி மடங்கியே இருந்தன. பாவமாக இருந்தது. பயமும் போகவில்லை. ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடும் என்று நினைத்தேன், தள்ளவில்லை, இரண்டும் இருந்தன. நாற்காலியை இழுத்து வந்து, கட்டிலுக்கும் அவர் படுத்திருந்த இடத்துக்கும் நடுவில் போட்டு, மகள் பக்கம் முகம் வைத்து உட்கார்ந்தேன்.